மகளுக்கு நிரந்தரம், தாய்க்கு முப்பது மாதம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, ஏழு வயதை எட்டிவிட்ட ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் இருவருக்கும் விசா இல்லை. மாணவர் விசாவில் வந்தார்கள். படித்த கல்லூரி மூடப்பட்டது. போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளையை நாட்டைவிட்டுப் போகச் சொல்வது நியாயமல்ல என்று பிரிட்டனின் உள்துறையான ஹோம் ஆபீஸ் ஏற்றுக்கொண்டால், அவளுக்கு நேரடியாக நிரந்தரமாகத் தங்கும் உரிமையே கிடைக்கும். 2022 ஜூனில் வந்த மாற்றம் இது. பத்து வயதுவரை அங்கேயே வளர்ந்திருந்தால் குடியுரிமைக்கே பதிந்துகொள்ளலாம். அவளைப் பெற்று வளர்த்த தாய்க்கு என்ன கிடைக்கும்? முப்பது மாத அனுமதி. அது முடிகிற நேரத்தில் இன்னொரு முப்பது மாதம். இப்படி நான்கு முறை வாங்கி, பத்து ஆண்டைக் கடந்த பிறகுதான் தாய் நிரந்தர உரிமை கேட்க முடியும். அப்போது மகளுக்குப் பதினேழு வயது ஆகியிருக்கும்.

பிள்ளை ஓரிடத்தில் வாழ்ந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்து, குடும்பத்தையும் தங்கவிடுவது நல்ல சட்டம். அது பாதி வழியில் நின்றுவிட்டது என்பதே என் குறை. இதுதான் உன் வீடு என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அந்த வீட்டை நடத்துகிறவர்களைப் பத்து ஆண்டு வாசலில் நிறுத்திவைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஏழு ஆண்டு என்ற கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1983 ஜனவரி 1-க்கு முன்பு பிரிட்டனில் பிறந்தாலே, பெரும்பாலும் குடியுரிமை வந்துவிடும். அன்று முதல், பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர உரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை. இதனால் அங்கேயே பிறந்தும் அந்த நாட்டுக்கு உரிமை இல்லாத பிள்ளைகள் உருவானார்கள். 1996-ல் ஹோம் ஆபீஸ் ஒரு கொள்கையை வகுத்தது: நெடுங்காலம் வாழ்ந்த பிள்ளை உள்ள குடும்பத்தை வெளியேற்ற வேண்டாம் என்று. முதலில் பத்து ஆண்டு என்றிருந்தது, 1999 பிப்ரவரியில் ஏழாகக் குறைந்தது. 2008 டிசம்பரில் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டார்கள். 2012 ஜூலையில் அது குடிவரவு விதியாகத் திரும்பி வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ‘பிள்ளையை வெளியேறச் சொல்வது நியாயமாகாது’ என்ற நிபந்தனையையும் கூடவே சேர்த்தார்கள்.

2014-ல் நடந்ததுதான் முக்கியம். தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது வந்த குடிவரவுச் சட்டம் அது. வாடகைக்கு விடுமுன் வீட்டுக்காரரே குடியிருக்க வருகிறவரின் விசாவைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன கடுமையான சட்டம். ஆனால் அதே சட்டம்தான் இதையும் எழுதிவைத்தது: குற்றத் தண்டனை போன்ற காரணங்களால் நாடு கடத்தலுக்கு உள்ளாகாத ஒருவர், ஏழு ஆண்டு வாழ்ந்த பிள்ளையோடு உண்மையான பெற்றோர் உறவில் இருந்து, பிள்ளையை வெளியேறச் சொல்வது நியாயமாக இல்லாவிட்டால், அந்தப் பெற்றோரை வெளியேற்றப் பொதுநலன் கோரவில்லை. இதை மனித உரிமை இயக்கங்கள் எழுதவில்லை. குடிவரவைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்டு வந்த அரசு கொண்டுவந்து, நாடாளுமன்றம் நிறைவேற்றிய வாசகம்.

‘நியாயம்’ என்பதை யார், எப்படி அளப்பது? அதில்தான் வழக்கெல்லாம். 2011-ல் தான்சானியத் தாய் ஒருவரின் வழக்கில், நீதிபதி லேடி ஹேல் தலைமைத் தீர்ப்பை எழுத, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பிள்ளையின் நலனை முதன்மையான ஒரு காரணியாகப் பார்க்க வேண்டும் என்றது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைக் குறைசொல்ல முடியாது என்றும் சொன்னது. 2018 அக்டோபரில் ‘கே.ஓ. (நைஜீரியா)’ வழக்கில், வெளியேறச் சொல்வது நியாயமா என்ற கேள்வியில் பெற்றோரின் தவறுகளை எடைக்கல்லாக வைக்கக் கூடாது என்று நீதிபதி கார்ன்வாத் தெளிவாக்கினார். தமிழ்க் குடும்பங்கள் மத்தியில் அன்று பெரிய மகிழ்ச்சி. தீர்ப்பை முழுவதும் படித்தவர்கள் அவ்வளவு மகிழவில்லை. பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று பார்க்கும்போது, பெற்றோர் எங்கே இருக்கப்போகிறார்கள் என்பதையும் நடைமுறையில் பார்க்கத்தானே வேண்டும் என்றது அதே தீர்ப்பு. பெற்றோருக்கு விசா இல்லையென்றால் அவர்கள் போக வேண்டியவர்கள். பிள்ளை அவர்களோடு இருப்பதுதான் இயல்பு. முன்வாசலில் தடுத்த அதே விஷயம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் இலங்கையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வழக்கும் இருந்தது. கோட்பாடு வென்றது, அந்தக் குடும்பம் தோற்றது.

ஆக, ஏழு வயது ஆனதும் கதவு தானாகத் திறந்துவிடாது. ஏழு ஆண்டைத் தாண்டிய பிள்ளையை அனுப்ப வலுவான காரணம் வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் சொல்லியிருக்கிறது. அந்தப் பிடி இருந்தும், வழக்கு கடைசியில் குடும்பம் சேர்த்துக் கொடுக்கும் ஆவணக் கோப்பில்தான் நிற்கிறது.

அப்படி ஒரு கோப்பைப் புரட்டிப் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை தெரியும். பெற்றோர் பெயரில் அதில் ஏறக்குறைய எதுவுமே இருக்காது. இன்னொரு குடும்பத்தோடு அறை பகிர்ந்து வாழ்கிறவர்களிடம் வாடகை ஒப்பந்தம் ஏது? மின்கட்டண ரசீதும் வங்கிக் கணக்கும் ஏது? இருப்பதெல்லாம் பிள்ளையின் காகிதங்கள். பிறந்த மருத்துவமனையில் கொடுத்த, எடையும் தடுப்பூசியும் குறிக்கும் சிவப்புப் புத்தகம். நர்சரியின் கடிதம். ஆண்டுக்கொரு பள்ளி அறிக்கை. தினமும் வாசித்த பக்க எண்ணும் பக்கத்தில் தாயின் கையெழுத்துமாக நிறைந்த வாசிப்புக் குறிப்பேடு. நீச்சல் வகுப்பில் பத்து மீட்டர் நீந்தியதற்கு ஒரு சான்றிதழ். நூலக அட்டை. நாடு அறியாமல் வாழ்ந்த பெற்றோர் அங்கே இருந்தார்கள் என்பதற்கு, அந்த வாசிப்புக் குறிப்பேட்டில் அம்மா போட்ட கையெழுத்துதான் பல நேரம் ஒரே அத்தாட்சி.

இந்தக் கோப்பில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிச் சான்றிதழைச் சேர்க்கலாமா, வேண்டாமா? வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்னக் கேள்வியாகத் தோன்றலாம். லண்டனில் பல தாய்மார்களை இது உறக்கமில்லாமல் ஆக்குகிறது. பிள்ளைக்குப் பெற்றோர் நாட்டு மொழி தெரியுமா, தெரியாவிட்டால் கற்றுக்கொள்ள முடியுமா என்பதை அதிகாரிகள் பார்க்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறாள், கோயிலுக்குப் போகிறாள், பரதநாட்டியம் கற்கிறாள், ஆகவே அங்கே போய்ப் பொருந்திக்கொள்வாள் என்று மறுப்புக் கடிதம் வரும். நம் மொழியையும் பண்பாட்டையும் விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பத்துக்கு அதுவே பாதகமாகிறது. இதைக் கேள்விப்பட்டுப் பிள்ளையைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

நான் சொல்வேன்: நிறுத்தாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். மறைத்தது விசாரணையில் வெளிப்பட்டால் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும். அதைவிட, உண்மையைச் சரியாகச் சொன்னால் அது பிள்ளையின் பக்கமே நிற்கும். ‘பசிக்குது’, ‘அப்பா வந்தாச்சா’, ‘எனக்கு இது வேணாம்’ என்று பத்து வயதுப் பிள்ளை தமிழில் சொல்லும். அதே பிள்ளையிடம் ஐந்தாம் வகுப்புத் தமிழ்வழி அறிவியல் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வரியிலேயே திணறும். வீட்டு மொழி வேறு, ஒரு பாடத்திட்டத்தில் போட்டிபோடத் தேவையான மொழி வேறு. அம்மா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகள்தான் அங்கே பெரும்பாலானவை. தமிழ்ப் பள்ளி ஆசிரியரே ஒரு கடிதத்தில் இதை எழுதித் தரலாம்: எந்த நிலை வரை வந்திருக்கிறாள், என்ன எழுத முடியும், என்ன முடியாது என்று. அப்படி ஒரு கடிதம் வெறும் சான்றிதழைவிடப் பலமடங்கு பயன் தரும்.

இன்னொரு விஷயம் என்னை அதிகம் வருத்துகிறது. வழக்கே பிள்ளையின் பெயரில் நடக்கிறது என்பதால், பிள்ளையை வழக்காடியாக்கிவிடுகிறோம். ‘ஜட்ஜுக்கு ஒரு கடிதம் எழுது கண்ணா’ என்று ஒரு தாள் நீட்டப்படுகிறது. பிள்ளை தன் தோழிகளின் பெயரையும், வகுப்பாசிரியரைப் பிடிக்கும் என்பதையும், போக விருப்பமில்லை என்பதையும் எழுதுகிறது. தன்னை அனுப்பிவிடக்கூடும் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அதற்குத் தெரிகிறது. சொலிசிட்டரிடமிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களைப் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் பல வீடுகளில் அதே பிள்ளைதான். பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும் என்று லேடி ஹேல் சொன்னது சரி. அதைச் சுயேச்சையான சமூகப் பணியாளரோ, பள்ளி ஆசிரியரோ கேட்டு எழுதலாம். பிள்ளை எழுத விரும்பினால் எழுதட்டும். குடும்பத்தின் தலைவிதி உன் கடிதத்தில்தான் இருக்கிறது என்று எட்டு வயதில் ஒரு குழந்தையை நினைக்க வைக்கக் கூடாது.

இனி அந்தப் பத்து ஆண்டுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கட்டணப்படி, முப்பது மாத அனுமதிக்கான விண்ணப்பத்துக்கு 1,321 பவுண்டு. அதோடு சுகாதாரக் கட்டணம் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு; இரண்டரை ஆண்டுக்கு 2,587.50. ஒரு சுற்றுக்கு 3,908.50 பவுண்டு, நான்கு சுற்றுக்கு 15,634. கடைசியில் நிரந்தர உரிமைக்கு 3,029. ஒருவருக்கு மொத்தம் 18,663 பவுண்டு. தாயும் தகப்பனும் என்றால் இரண்டால் பெருக்குங்கள். சொலிசிட்டர் செலவு இதில் சேரவில்லை. கட்டணம் இடையில் ஏறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அது ஏறாமல் இருந்ததில்லை. வசதியில்லாதவர்கள் கட்டண விலக்கு கேட்கலாம். அதற்கு மாதக்கணக்கான வங்கி விவரங்களும், யார் யாரிடம் கடன் வாங்கினோம் என்ற விளக்கமும் வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலும் அரசு உதவித்தொகை எதையும் பெறக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வரும். துப்புரவு வேலையும் பெட்ரோல் பங்க் வேலையும் கடை வேலையும் செய்து, முப்பது மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தொகையைச் சேர்க்கிறார்கள். சேர்க்க முடியாமல் கெடு தப்பினால் பத்து ஆண்டுக் கணக்கே ஆட்டம் காணும்.

பிள்ளைக்கான குடியுரிமைப் பதிவிலும் இதே கதைதான். 2025 ஏப்ரல் கட்டணப்படி அது 1,214 பவுண்டு. முன்பு 1,012 ஆக இருந்தபோது, ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அரசுக்கு ஆன செலவு 372 பவுண்டு என்பது நீதிமன்றத்தில் வெளிவந்தது. பிள்ளைகளின் நலனைப் பார்க்காமல் கட்டணம் வைத்தது தவறு என்று 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022 ஜூனிலிருந்து வசதியற்ற பிள்ளைகளுக்கு விலக்கு வந்தது. கட்டணத்தை இந்த அளவுக்கு உயர்த்த நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், அடிப்படைக் கட்டணத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு வரவில்லை. பிள்ளைக்குச் சட்டப்படி உரிய ஒன்றைப் பதிவதற்கு லாபம் வைத்து வாங்குவதை என்னால் எந்தக் கோணத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. விதியை மதித்து, உரிய விசாவில் வந்து, உரிய வரி கட்டிக் காத்திருப்பவர் ஒருபுறம். விசா முடிந்தும் தங்கி, பிள்ளை பெற்று, ஏழு ஆண்டைக் கடத்தியவர் இன்னொரு புறம். இருவருக்கும் ஒரே பாதை என்றால் முதலாமவருக்கு அது அநீதி இல்லையா? நம்மவர்களிலேயே முறையான விசாவில் வந்த பலர் இதைக் கோபமாகவே கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் தண்டனை என்று ஒன்று வேண்டுமென்றால், அந்தக் குடும்பம் வேலை செய்யும் உரிமையும் ஊருக்குப் போகும் வழியும் இல்லாமல், ஊரில் தங்கள் பெற்றோர் இறந்தபோதுகூடப் போய்ப் பார்க்க முடியாமல் கழித்த ஏழு ஆண்டுகளும் தண்டனை இல்லையா? தங்க அனுமதிப்பது என்று தீர்மானித்த பிறகு தொடரும் பத்து ஆண்டு யாரையும் திருத்தப்போவதில்லை. தாயின் வேலை நிலையற்றதாக இருக்கும், வீட்டுக் கடன் கிடைக்காது, மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஆண்டிலும் வீட்டில் பணம் விசாவுக்கே போகும். இதெல்லாம் விழுவது, குறைசொல்ல முடியாதவள் என்று உச்ச நீதிமன்றமே சொன்ன அந்தப் பிள்ளையின் மேல்தான்.

தெளிவான விதி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் பார்த்தோம். அங்கே பிறந்து பத்து வயதுவரை வாழ்ந்த பிள்ளைக்குத் தானாகவே குடியுரிமை உண்டு. அந்த வயதை எட்டாத இரண்டு பெண்பிள்ளைகளோடு குயின்ஸ்லாந்தின் பிலோயீலா ஊரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து பிடித்துப் போனார்கள். கிறிஸ்துமஸ் தீவுத் தடுப்பு முகாம்வரை கொண்டுபோனார்கள். அந்த ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, ஆட்சியும் மாறிய பிறகே 2022 ஆகஸ்டில் அவர்களுக்கு நிரந்தர விசா கிடைத்தது. அவர்களைக் காப்பாற்றியது ஊரின் அன்பும் ஒரு தேர்தல் முடிவும். எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு ஊர் வாய்க்காது. அதனால்தான் எழுதப்பட்ட விதி வேண்டும் என்கிறோம்.

பிரிட்டனை நோக்கி இவ்வளவு பேசும்போது தமிழ்நாட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1983-க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே மறுவாழ்வு முகாம்களில் பிறந்து, இங்கேயே பள்ளி முடித்து, இங்கேயே திருமணமும் செய்துகொண்டார்கள். 1987 ஜூலை 1 முதல், இந்தியாவில் பிறந்தால் மட்டும் குடியுரிமை இல்லை. 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகியது. 2019 திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1-க்கு முன்பு பிறந்தவர் என்பதால் உயர் நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டு பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கதவும் இல்லை. பிள்ளை வாழ்ந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கும் விதி இங்கே ஏழுக்கும் இல்லை, பதினேழுக்கும் இல்லை. லண்டனில் கேட்பதை டெல்லியிலும் கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

பிரிட்டனில் இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2025 மே வெள்ளை அறிக்கை, நிரந்தர உரிமைக்கான பொதுவான காலத்தை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக்கப்போவதாகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் முன்வைத்த யோசனைகளில், விசா கடந்து தங்கியவர்கள் முப்பது ஆண்டுவரை காத்திருக்க நேரலாம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. இந்த நேரத்தில் சலுகை கேட்பது கடினம் என்று தெரிந்தே கேட்கிறேன். பிள்ளைக்கு நிரந்தர உரிமை கொடுத்த அன்றே, அவளை வளர்க்கும் பெற்றோரை ஐந்து ஆண்டுப் பாதையில் சேர்க்க வேண்டும். இரண்டே சுற்று, இரண்டாவது முடிவில் நிரந்தரம். பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவுக்கு ஆகும் செலவை மட்டும் வாங்க வேண்டும். வீட்டில் பேசும் மொழியை நாட்டைவிட்டு அனுப்பும் காரணமாக எழுதுவதை நிறுத்த வேண்டும்.

அதுவரை, இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் சிலவற்றை அறிந்துவைத்திருப்பது நல்லது. ஏழு ஆண்டு என்பது விண்ணப்பிக்கும் நாளில் நிறைந்திருக்க வேண்டும். வரப்போகிறது என்று முந்திக்கொண்டால் அந்த விதி பொருந்தாது. மாணவர் விசா இருந்த காலத்தில் கைக்குழந்தையை யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவிடமோ, திருச்சியில் பாட்டியிடமோ விட்டு வேலைக்குப் போனவர்கள் உண்டு. பிள்ளை ஒரே தடவையில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். பத்து வயதுக் குடியுரிமைக்கு, ஒவ்வோர் ஆண்டிலும் தொண்ணூறு நாளுக்கு மேல் வெளியில் இருந்திருக்கக் கூடாது என்பது பொதுவிதி. மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள்தான். பதிவு பெறாமல் குடிவரவு ஆலோசனை சொல்லிக் காசு வாங்குவது அங்கே குற்றம். கடையிலும் கோயிலிலும் ‘நான் பார்த்துத் தாறன்’ என்று சொல்கிறவர்களிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

தொகுதி எம்.பி.யிடம் போகவும் தயங்க வேண்டாம். வாக்குரிமை இருக்க வேண்டியதில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். தொகுதி மக்களைச் சந்திக்கவென்றே அவர்கள் நேரம் ஒதுக்குகிறார்கள். தேங்கிக் கிடக்கும் விண்ணப்பம் பற்றி ஹோம் ஆபீசுக்குக் கடிதம் எழுதுவது அவர்களுக்கு அன்றாட வேலை. 2024-ல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியிலிருந்து தமிழரான உமா குமரன் தேர்வானபோது நாம் பெருமைப்பட்டோம். அவரிடமும், ஈஸ்ட் ஹாம், ஹாரோ, இல்ஃபோர்ட், க்ராய்டன் எம்.பி.க்களிடமும் இந்தப் பத்து ஆண்டுக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பச் சொல்ல வேண்டும். விசா கையில் கிடைத்துவிட்டவர்கள் முன்னால் நின்று இதைச் செய்தால், கிடைக்காதவர்கள் பயமில்லாமல் பின்னால் வருவார்கள்.